கடப்பாக்கத்துக் கோலி

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சோற்றில் ரசம் ஊற்றிய நேரத்தில் போன் அடித்தது. எங்கள் கால்பந்து கிளப்பின் கேப்டன். கிளப் செத்துப் பதினெட்டு வருஷமாகிறது. ஆனாலும் என் போனில் அவன் பெயர் ‘கேப்டன்’ என்றுதான் இருக்கிறது. அவன் போனில் என் பெயர் எப்படி இருக்கிறது என்று நான் கேட்டதில்லை. கேட்டு வயிற்றெரிச்சல் படுவானேன்.

“மச்சான், இன்னா பண்ணிகினு கீற?”

“சாப்டுகினு கீறேன்.”

“ஒண்டியாவா?”

“பின்ன, பந்தி போட்டா சாப்டுவாங்க?”

சிரித்தான். பிறகு விஷயத்துக்கு வந்தான். ஊர்ப் பள்ளிக்கூடத்துக்குப் பின்னாலிருக்கும் முள்ளுக்காட்டை வெட்டி மைதானம் ஆக்கியிருக்கிறார்களாம். திறப்பு விழா அன்றைக்கு எங்கள் பழைய ஆட்களும் கடப்பாக்கத்துப் பழைய ஆட்களும் சும்மா ஒரு ஆட்டம் ஆடப் போகிறார்களாம். பெரிய ஃபிளெக்ஸ் வைக்கிறார்கள், கூடவே கிளப்பின் வரலாற்றைச் சின்னப் புத்தகமாகப் போடுகிறார்கள். “நீதான் எழுதணும். நம்ம பசங்கள்ல உனுக்குத்தான் எழுத வரும்” என்றான்.

செங்கல்பட்டில் ஒரு தனியார் பள்ளிக்கூட ஆபீசில் எனக்கு வேலை. பெற்றோருக்கு அறிக்கை, பையன்களுக்கு நடத்தைச் சான்றிதழ் என்று நாள் முழுக்க எழுதுகிறேன். கொளவாய் ஏரிக்கு இந்தப் பக்கம் மாடியில் ஒற்றை அறை. கல்யாணம் கூடிவரவில்லை; அம்மாவும் போய்விட்டாள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் வாட்ச்மேனிடம் ‘வரேன்’ என்று சொன்னால், திங்கட்கிழமை காலைவரை நான் யாரிடமும் வாய் திறக்காத வாரங்கள் உண்டு. அதனால் அவன் கேட்டதும் எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. மறைப்பானேன்.

“கப்பு ஜெயிச்ச மேட்ச வெலாவாரியா எழுது மச்சான். அந்த கடப்பாக்கத்து கோலி இருந்தான் பாரு, யப்பா, இன்னா ஆட்டம் ஆடினான்! பேய் மாதிரி நின்னான். அவனையே ஏமாத்திட்டு நான் பெனால்டி அடிச்சேன் பாரு, அத நல்லா எழுது. அவன் பேரு இன்னான்னு விசாரிச்சிப் போட்று. பாவம், எங்க கீறானோ.”

கோல் கீப்பரை எங்கள் பக்கத்தில் கோலி என்றுதான் சொல்வோம். அவன் சொன்ன அந்தக் கோலி நான்தான்.

சோறு கையிலேயே ஆறிப்போனது. ‘டேய், அது நான்தாண்டா’ என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? “விசாரிக்கிறேன்” என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன்.

அவன்மேல் குற்றம் சொல்ல முடியாது. நடித்துப் பேசுகிற ஆளே இல்லை, நிஜமாகவே மறந்துவிட்டான். ஜெயித்தவனுக்கு எதிரே நின்றவன் முகம் எதற்கு?

வரலாறு என்று பார்த்தால் எங்கள் கிளப் இரண்டு முழுக் கோடையும் ஒரு அரைக் கோடையும் உயிரோடிருந்தது. படாளம் கூட்டுரோட்டிலிருந்து உள்ளே மூன்று கிலோமீட்டர் எங்கள் ஊர். எங்கள் தெருவில் பாதிப் பேர் மாரியம்மன் கோயிலுக்கும் பாதிப் பேர் மாதா கோயிலுக்கும் போகிறவர்கள். அப்பா அம்மா எல்லாருமே அடுத்தவர் கழனியில் இறங்கிய தலைமுறை. நாங்கள்தான் கம்பெனி, கடை, காலேஜ் என்று ரோட்டுக்கு வந்த முதல் செட். எங்களுக்கென்று ஒரு பிடி மண் கிடையாது, பந்து உதைக்க இடம் எங்கே? ஏரிதான். பங்குனியில் தண்ணீர் வற்றி, சேறு காய்ந்து, ஏரி மேசைபோல் ஆகிவிடும். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் பூசை முடிந்து பையன்கள் வந்ததும் ஆட்டம். ஐப்பசி மழை விழுந்தால் மைதானமும் இல்லை, கிளப்பும் இல்லை.

ஏரி ரொம்பினால்தான் அம்மாவுக்கு நடவு வேலை. “மாரியாத்தா, ஏரி கரை தட்டணும்” என்று அவள் விளக்கேற்றுவாள். பக்கத்தில் நின்று நான் மனசுக்குள், ‘தாயே, இந்த வருஷம் வேணாம்’ என்பேன். ஒரே வீட்டிலிருந்து இப்படி இரண்டு மனு போனால் சாமி என்ன செய்யும்?

முதல் கோடையில் கோல் போஸ்டுக்குச் சவுக்குக் கம்பு நட்டோம். ஞாயிற்றுக்கிழமை நட்டால் புதன்கிழமைக்குள் யார் வீட்டு அடுப்பிலோ எரிந்திருக்கும். மூன்று ஜோடி போனது. இரண்டாவது கோடையில் கேப்டனுக்கு வெறி வந்துவிட்டது. இரும்புப் பைப் வாங்கி, வெல்டிங் வைத்து, ஏரி நடுவில் இடுப்பளவு பள்ளம் தோண்டி, சிமெண்ட் ஜல்லி கொட்டி நட்டோம். வெள்ளைப் பெயிண்ட் அடித்தோம். மதகு பார்க்கிறவர் கரையில் குந்திக்கொண்டு பார்த்தார்.

“இன்னாடா இது, மீனுக்கா?” என்றார்.

“எங்களுக்குத்தான் நைனா” என்றான் கேப்டன்.

“தண்ணி வந்தா?”

“வந்தா பாத்துக்கலாம்.”

அத்தனை பேர் படித்தவர்கள்; ஒருத்தன் மண்டையிலும் மழை என்று ஒன்று இருப்பது உறைக்கவில்லை. செயலாளர் நான். ‘நிரந்தர கோல் போஸ்ட் அமைக்கப்பட்டது’ என்று நோட்டில் முத்து முத்தாக எழுதி வைத்தேன். நிரந்தரமாம்!

செயலாளர் மட்டுமில்லை, நான் இரண்டாவது கோலியும்கூட. முதல் கோலி நெட்டையன், சளி காய்ச்சல்கூடப் பிடிக்காத உடம்பு. அதனால் ஒரு ஆட்டத்தில்கூட நான் இறங்கியதில்லை. கிளப்பில் பதினோரு சட்டைதான். எனக்குச் சட்டையும் இல்லை. ஆனால் முதல் கோலிக்குக் கம்பெனியில் ஷிப்ட் வேலை, சாயங்காலம் வரமாட்டான். அப்போது கேப்டனுக்குப் பெனால்டி பழக நான் வேண்டும். தினமும் ஐம்பது அடிப்பான். அவனைப் பெற்றவளுக்குத் தெரியாதது எனக்குத் தெரியும். ஓடி வரும்போது கடைசி எட்டில் லேசாக ஒரு குதி குதிப்பான்; குதித்தால் பந்து எனக்கு இடது கைப்பக்கம், தரையோடு வரும். தப்பவே தப்பாது. மற்ற நேரத்தில் அவன் என்னிடம் இரண்டு வார்த்தைக்கு மேல் பேசியதில்லை. இருந்தும் எனக்கு அந்தச் சாயங்காலங்கள் போதுமாக இருந்தன.

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் இருந்தது. வெளியூர் டீம் ஆள் குறைந்து வந்தால், ‘போ, ஜெயிச்சாச்சு’ என்று திருப்பி அனுப்பமாட்டோம். நம்மிடம் உட்கார்ந்திருக்கிற ஒருத்தனை அவர்களுக்குக் கொடுத்து ஆடுவோம். வேன் பிடித்து வந்தவர்களைச் சும்மா அனுப்புவது மரியாதை இல்லை. இந்த வரலாற்றை எழுத உட்கார்ந்தபோது போனில் தேடிப் படித்தேன்: விக்டோரியா ராணி காலத்து இங்கிலாந்திலும் இப்படி இரண்டு மூன்று வருஷம் இருந்து செத்துப்போன கிளப்புகள் நிறையவாம். அவர்களும் ஆள் குறைந்தால் எதிராளியிடமே வாங்கிக்கொண்டு ஆடினார்களாம். அந்த ஊரிலும் எனக்கொரு அண்ணன் தம்பி இருந்திருப்பான் என்று நினைத்துக்கொண்டேன். எங்கள் நோட்டில் அது ஏழாவது விதி, என் கையெழுத்தில்: ‘கொடுக்கப்பட்ட ஆள், கொண்டவர்களுக்காக முழுமனதோடு ஆட வேண்டும்.’

இரண்டாவது கோடையின் கடைசி ஞாயிறு. கோப்பைக்கான ஆட்டம், எதிரே கடப்பாக்கம். கடற்கரைப் பையன்கள்; ஒவ்வொருத்தனுக்கும் கருங்கல் உடம்பு. வேனிலிருந்து பத்துப் பேர்தான் இறங்கினார்கள். அவர்கள் கோலிக்கு விடியற்காலையில் வலையில் மீன் பட்டுவிட்டது; கரைக்கு வரவில்லை. எங்கள் கேப்டன் திரும்பி என்னைப் பார்த்தான்.

“மச்சான், நீ போ” என்றான்.

இரண்டு வருஷம் காத்திருந்து எனக்குக் கிடைத்த ஒரே ஆட்டம், எங்கள் டீமுக்கு எதிராக! அவர்கள் கேப்டன் தன் பையிலிருந்து மஞ்சள் முழுக்கைச் சட்டை ஒன்றை எடுத்துக் கொடுத்தான். என்னைவிட நாலைந்து வயது மூத்தவன். “பேஜாராவாத, தகிரியமா நில்லு” என்றான். போட்டுக்கொண்டேன். உப்பு வாசனை அடித்தது.

சும்மா சொல்லக்கூடாது, அன்றைக்கு நான் நின்ற நிற்பில் எனக்கே என்னை அடையாளம் தெரியவில்லை. வந்ததையெல்லாம் பிடித்தேன். தலைக்கு மேலே போனதைத் தட்டினேன். காலடியில் விழுந்து முட்டி கிழிந்தது. கரையில் நின்ற எங்கள் தெருக்காரர்கள் முதலில் சிரித்தார்கள், பிறகு திட்டினார்கள். “சோறு போட்ட வூட்டுக்கே ரெண்டகம் பண்றான் பாரு” என்று ஒருத்தன் கத்தினான். அதைக் கேட்டதும் எனக்கு உள்ளே ஏதோ விட்டுப்போயிற்று. கடப்பாக்கத்துக்காரர்கள் ஒவ்வொரு பந்துக்கும் ஓடிவந்து முதுகில் தட்டினார்கள், ஆனால் அவர்களில் ஒருத்தன் பெயர்கூட எனக்குத் தெரியாது. என் பெயர் தெரிந்தவர்கள் எல்லாரும் அந்தப் பக்கம் நின்று என்னை முறைத்துக்கொண்டிருந்தார்கள்.

ஆட்டம் முடிய இரண்டு நிமிஷம். யாரும் கோல் போடவில்லை. அவர்கள் ஆள் ஒருத்தன் கையில் பந்து பட்டுவிட்டது, பெனால்டி. பந்தை வைத்தவன் எங்கள் கேப்டன். அவர்கள் கேப்டன் என்னிடம் ஓடிவந்தான்.

“கோலி, உங்காளு எந்தப் பக்கம் அடிப்பான்?”

“எனுக்கு இடது பக்கம்” என்றேன். உண்மையைத்தான் சொன்னேன்.

கேப்டன் ஓடி வந்தான். கடைசி எட்டில் குதித்தான். நான் வலது பக்கம் பாய்ந்தேன்.

யாரும் என்னிடம் விடச் சொல்லவில்லை, கண்கூடக் காட்டவில்லை. நானாகத்தான் செய்தேன். அந்த ஒரு பந்தை விட்டால் அவர்கள் என்னிடம் ஓடிவருவார்கள், ‘நீ நம்மாளு மச்சான்’ என்று தூக்குவார்கள் என்று நினைத்தேன். ஏழாவது விதியை எழுதிய கையே அதை மீறியது. ஓடிவந்தார்கள், நிஜம்தான். கேப்டனைத் தோளில் தூக்கிக்கொண்டு, தரையில் கிடந்த என்னைத் தாண்டி ஓடினார்கள்.

மதுராந்தகத்திலிருந்து போட்டோக்காரர் வந்திருந்தார். கோப்பையை நடுவில் வைத்துப் பதினோரு பேரும் நின்றார்கள். நான் மஞ்சள் சட்டையோடு ஓரமாக, அவர்கள் பார்ப்பார்கள் என்று நின்றேன். கேப்டன் பார்த்தான்.

“மச்சான், கொஞ்சம் நவுரு. பிரேம்ல வர்ற” என்றான்.

நகர்ந்தேன். அப்போது என் தோளைப் பிடித்து யாரோ இழுத்தார்கள். அவர்கள் கேப்டன். “தோத்தவங்களுக்கு போட்டோ கெடயாதா? வா கோலி” என்று அவர்கள் வரிசையில் நிறுத்திவிட்டான். அவன் கை என் தோளில் இருந்தது. எனக்குத் தலை நிமிரவில்லை.

மூன்றாவது வருஷம் கோடை பாதியிலேயே பேய்மழை. வெயில் காலத்திலேயே ஏரி ரொம்பிவிட்டது. அம்மாவின் மனு ஜெயித்தது. எங்கள் நிரந்தர கோல் போஸ்ட் நாலும் தண்ணீருக்கு மேலே ஒரு முழம் தெரிந்தன. மேல்கம்பிகளில் நீர்க்காகங்கள் வரிசையாக உட்கார்ந்து இறக்கை காயவைத்தன. மதகு பார்க்கிறவர் எங்களை எங்கே பார்த்தாலும், “மேட்சு எப்படா?” என்று கேட்டே மானத்தை வாங்கினார். அடுத்தடுத்த வருஷமும் ஏரி வற்றவில்லை. ஒருத்தன் ஒரகடம், ஒருத்தன் துபாய், கேப்டன் லாரி ஓட்டப் போனான். கலைக்கிறோம் என்றுகூட யாரும் சொல்லவில்லை. நோட்டு என்னிடம்தான் இருக்கிறது. கடைசிப் பக்கம் வெறுமையாகக் கிடக்கிறது.

எதிரணி ஆட்களின் பெயர் இல்லாமல் வரலாறு எழுத முடியாது. போன சனிக்கிழமை மதுராந்தகம் போய், செய்யூர் வழியாகக் கடப்பாக்கத்துக்குப் பஸ் ஏறினேன். வழி முழுக்க, யாரும் என்னை அடையாளம் கண்டுகொள்ளக்கூடாது என்றும் ஒருத்தராவது கண்டுகொள்ள வேண்டும் என்றும் மாற்றி மாற்றி மனசு அடித்துக்கொண்டது. ஆலம்பரைக் கோட்டைக்குப் போகிற ரோட்டில் படகு இன்ஜின் ரிப்பேர் கடை ஒன்றைக் காட்டினார்கள். உள்ளே கையெல்லாம் கிரீசோடு ஒருத்தர் குனிந்திருந்தார். அவர்கள் கேப்டன்தான்; தலை நரைத்துவிட்டது.

“யாரு வேணும்?” என்று நிமிர்ந்தார். நான் படாளம் பக்கம் என்று ஆரம்பிப்பதற்குள், “டேய், கோலி!” என்றார்.

எனக்குக் கண் கலங்கிவிட்டது. அதை மறைக்கச் சுவரைப் பார்த்தேன். பார்த்தால், காலண்டருக்குப் பக்கத்தில் கண்ணாடி போட்டு அந்தப் போட்டோ. பத்து நீலச் சட்டை, ஒரு மஞ்சள் சட்டை. மஞ்சள் சட்டைக்காரன் மட்டும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

டீ வாங்கிக் கொடுத்தார். பெயர்களைச் சொல்லச் சொல்ல எழுதினேன். ஒருத்தர் கடலோடு போய்விட்டாராம். பத்து வந்ததும் அவர் நிறுத்திவிட்டார்.

“பதினொண்ணாவது?” என்றேன்.

“பதினொண்ணாவது நீதான? இன்னா கேள்வி இது?”

பேனாவை மூடிவிட்டேன். இதற்குமேல் தாங்காது. “அண்ணாத்த, அந்த பெனால்டி...”

“தெரியும்” என்றார். “நீதான சொன்ன, இடது பக்கம்னு. சொல்லிட்டு வலது பக்கம் பாஞ்ச.”

“அப்பவே தெரியுமா?”

“கண்ணு அவிஞ்சா போச்சி எனுக்கு?”

“கோவம் வரலியா?”

“வராம? வேன்ல போறப்ப பசங்க உன்ன கிழி கிழின்னு கிழிச்சானுங்க. நானுந்தான்.”

“அப்பறம் இன்னாத்துக்கு என்ன போட்டோல இஸ்துவுட்ட? இத்தினி வருஷம் இன்னாத்துக்கு மாட்டி வெச்சிகீற?”

அவர் என்னைப் பைத்தியத்தைப் பார்ப்பதுபோல் பார்த்தார். “ஆடுனது பதினோரு பேரு. பத்து பேர மட்டும் எப்டி மாட்றது?” என்றார். பிறகு ஸ்பேனரை எடுத்துக்கொண்டு இன்ஜினுக்குக் குனிந்துவிட்டார்.

திரும்பி வரும் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து அழுதேன். கண்டக்டர் டிக்கெட்டைக் கையில் கொடுக்காமல் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனார். அடித்துத் துரத்த வேண்டியவர்கள் என்னைச் சுவரில் மாட்டியிருந்தார்கள். யாருக்காக அதைச் செய்தேனோ, அவர்களுக்கு அங்கே நின்றது நான் என்பதே நினைவில்லை. இரண்டில் எதற்காக அழுதேன் என்று எனக்கே சரியாகத் தெரியவில்லை.

அடுத்த நாள் காலையில் வரலாற்றை எழுதி முடித்தேன். பெனால்டி வந்ததும் கை நின்றுவிட்டது. கேப்டனுக்கு இந்தப் பதினெட்டு வருஷத்தில் பெருமை என்று சொல்லிக்கொள்ள இருந்தது அது ஒன்றுதான். அதைப் பிடுங்க எனக்கு மனசு வரவில்லை. மறைக்கவும் வரவில்லை. ‘கேப்டன் கோலிக்கு இடது பக்கம் அடித்தார், கோலி வலது பக்கம் பாய்ந்தார்’ என்று நடந்ததை மட்டும் எழுதினேன். கடைசியில் இரண்டு அணிப் பட்டியலும் போட்டேன். எங்கள் ஊருக்குப் பதினொன்று. கடப்பாக்கத்துக்குப் பதினொன்று, அதில் முதல் பெயர் என் பெயர். வாட்ஸப்பில் அனுப்பிவிட்டுப் பல் விளக்கப் போனேன்.

வாய் கொப்பளிப்பதற்குள் போன்.

“மச்சான், லிஸ்ட்ட தப்பா அனுப்பிட்ட. உன் பேரு அவங்க டீம்ல வந்துகீது. கோலின்னு கீது.”

“தப்பு இல்ல. சரியாத்தான் கீது.”

அவனுக்குப் பின்னால் ஏதோ லாரி ரிவர்ஸ் எடுக்கிற பீப் பீப் மட்டும் கேட்டது.

“அது நீயாடா?”

“நான்தான். ஆள் கொறையுதுன்னு நீதான் அனுப்ன.”

“அப்போ... நான் எந்தப் பக்கம் அடிப்பேன்னு உனுக்குத் தெரியும்ல?”

“தெரியும்.”

“தெரிஞ்சேவா...”

“ஆமா.”

போனை வைத்துவிடுவான் என்று நினைத்தேன். எனக்கு வருகிற ஒரே போனும் இதோடு போயிற்று, வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாமே பாவி என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

“பதினெட்டு வருஷமா என் பொண்ணுங்ககிட்ட சொல்லிகினு கீறேண்டா” என்றான். குரல் உடைந்திருந்தது.

“மன்னிச்சிடு மச்சான்.”

“மன்னிப்பு கின்னிப்புலாம் வாணாம். அன்னிக்கி வா. வந்து கோல்ல நில்லு. அந்த பெனால்டிய நான் திருப்பி அடிக்கிறேன். இந்த வாட்டி விட்ட, கொன்னுடுவேன்.”

“எந்த டீமுக்கு நிக்கணும்?”

“எனுக்கு எதுர நில்லுடா!” என்று கத்திவிட்டுப் போனை வைத்தான்.

கையில் பிரஷ்ஷோடு அப்படியே நின்றிருந்தேன். கிளப்பில் இருந்த மூன்று வருஷத்திலும் அதற்குப் பிறகு போன பதினெட்டு வருஷத்திலும், ‘வா, ஆடு’ என்று அவன் என்னைக் கூப்பிட்டது இதுதான் முதல் தடவை.